திரும்ப வராது

முதல் வரைவில் இரண்டே சொல்:
பணியை நீக்கும்.
தேனப்பன் எட்டிப் பார்த்து, போதும் என்றான்,
படிக்கப்போவது மனுஷன் இல்லையே.

கல்லுக்கட்டிக்குப் பின்னால் பாத்திரக்கடை மாடி.
கீழே எவர்சில்வர் அண்டாவில்
யாருக்கோ பேர் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்,
டிக்கு டிக்கு டிக்கு என்று.
மேலே நான்
ஏஜென்ட் ஒன்றுக்கு
அழிப்பது எப்படி என்று எழுதுகிறேன்.

நீ என்பதா, நீங்கள் என்பதா?
அரை நாள் அதிலேயே போனது.
கடைசியில் ஆளே இல்லாத வினையைப் பிடித்தேன்.
செருப்பை வெளியே விடவும்,
சரியான சில்லறை தரவும்,
அந்த வரிசையில்
பணியின் எண்ணைத் தரவும், பெயர் போதாது.
ஒரே பெயரில் நாலு பணி இருக்கலாம்.
எங்கள் தெருவில் நாலு சாத்தப்பன்,
இனிஷியல் பார்த்துத்தான்
கூரியர் பையன் படியேறுகிறான்.

முடிப்பது வேறு, நீக்குவது வேறு.
முடிந்தது, மேலே கோடு விழுந்து
பட்டியலின் அடியில் கிடக்கும்.
நீக்கியது
இருந்ததே இல்லை.
இதை எழுதிவிட்டுச் சாப்பிடப் போனேன், திருப்தியாக.

கண்டனூர் ரோட்டில் மெஸ் நடத்தும் உண்ணாமலைதான்
எங்கள் முதல் வாடிக்கை.
ஞாயிறு ராத்திரி, பாத்திரம் கழுவிக்கொண்டே
போனைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள்:
அரிசி நிறைஞ்சிருச்சு.
நிறைந்துவிட்டதா, நல்லது என்று
'புதுவயல் மில், பொன்னி ரெண்டு மூட்டை'
என்ற வரியை எடுத்துவிட்டது ஏஜென்ட்.
சுவடில்லாமல்.
வாழ்த்துகள் என்று வேறு சொல்லியிருக்கிறது.

திங்கள் மதியம் பாங்க் ஆட்கள் பதினாறு பேர்
இலையில் தண்ணீர் தெளித்துவிட்டு உட்கார்ந்திருக்க
உள்ளே ரசம் மட்டும் கொதித்தது.
அதற்குப் பிறகு அவள் எங்களிடம் பேசியதை
எந்த ஆவணத்திலும் சேர்க்க முடியாது.

ஏஜென்டைச் சொல்லிக் குற்றமில்லை.
இல்லை என்பதை இல்லை என்று
சொல்லப் பழகாத வாய் நமக்கு.
கிளம்புகிறவன் வர்றேன் என்பான்.
விளக்கை அணைக்க மாட்டோம், குளிர வைப்போம்.
பானை காலியானால் நிறைந்தது.
செத்தவரைக்கூடத் தவறிவிட்டார் என்போம்,
பஸ்ஸில் விட்ட குடை மாதிரி.
இத்தனை துணியையும் விலக்கி
ஒரு வரி எழுத வேண்டியிருந்தது:

இது அழிக்கும். திரும்ப வராது.

எழுதியதும் அச்சானியமாக இருந்தது.
பேக்ஸ்பேஸ்மேல் விரல் போய்
கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.
விட்டுவிட்டேன்.

அப்புறம் சேர்த்தவை:
நீக்கும் முன் பணியின் பெயரைக் காட்டிக் கேட்கவும்.
பார்த்துக்கலாம் என்றால், வேண்டாம் என்று பொருள்.
உங்க இஷ்டம் என்றால் கோபம், அன்று எதையும் தொட வேண்டாம்.
ம் என்பது சம்மதம் அல்ல.

தேனப்பன் டோக்கன் எண்ணினான்.
நூற்றுப் பன்னிரண்டு கூடுதல்,
ஒவ்வொரு தடவையும் காசு என்றான்.
உண்ணாமலையின் நம்பரை எடுத்து நீட்டினேன்.
இருக்கட்டும் என்றான்.

ராத்திரி எட்டரை. கீழே ஷட்டர் இறங்கிவிட்டது.
அண்டாவில் யார் பேரோ முழுசாக ஏறியிருக்கும்,
இனி உருக்கினால்தான் போகும்.
சோதித்துப் பார்க்க ஒரு பணி போட்டேன்,
அதற்குப் பெயர் 'சும்மா'.
நீக்கு என்றேன்.

'சும்மா': இது அழியும், திரும்ப வராது.
நீக்கலாமா?

என் வாக்கியம், என்னைப் பார்த்தே.
தேவகோட்டைக்குக் கடைசிக்கு முந்தின பஸ்
ஹாரன் அடிக்கிறது.
பையை மாட்டிக்கொண்டே
ம் என்று தட்டினேன்.

காத்திருக்கிறது.